கோட்டு போட்ட பெரியவர்

அன்புள்ள சார்,

வணக்கம். தான்சானியாவில் மாசாய் மக்களை மேய்ச்சல் நிலத்திலிருந்து வெளியேற்றுவது பற்றி ஒரு காணொளி பார்த்தேன். இரண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை. கீழே ஓர் இணைய மனு இருந்தது. கையெழுத்துப் போட்டு நண்பர்கள் குழுவிலும் பகிர்ந்தேன். உடனே ஒருவர், "அது அவர்கள் உள்நாட்டுப் பிரச்சினை, நீ கையெழுத்துப் போட்டு என்ன ஆகப்போகிறது" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நவீன உலகின் அழுக்கு எதுவும் படாமல் இயற்கையின் மடியில் வாழும் அந்த வெள்ளந்தி மனிதர்களை அப்படியே வாழவிட்டால்தான் என்ன சார்? பணத்தாசை தெரியாத கடைசி மனிதர்கள் அல்லவா? தூரத்திலிருந்து நாம் காட்டும் ஆதரவால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் நண்பரை முதலில் அனுப்பிவைத்துவிடுவோம். உள்நாட்டுப் பிரச்சினையாம். மாசாய்கள் வாழும் லோலியோண்டோவில் வேட்டையாடும் உரிமம் முப்பது வருஷமாக ஐக்கிய அரபு அமீரகத்து நிறுவனம் ஒன்றின் கையில் இருக்கிறது. பக்கத்து இங்கோரோங்கோரோ 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். வேட்டைக்கு வருகிறவன் விமானம் ஏறி வரலாம், சிங்கத்தைப் படம் எடுக்கிறவன் வரலாம், கடன் கொடுக்கும் வங்கி வாஷிங்டனிலிருந்து வரலாம், உங்கள் கையெழுத்து மட்டும் எல்லையில் நிற்க வேண்டுமா? அவரிடம் இதைக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கு அனுப்ப வேண்டாம்.

பயன் உண்டா என்றால், உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. இதே லோலியோண்டோவுக்காக முன்பு ஓர் இணைய மனுவில் 20 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைய அதிபர் கிக்வெட்டே 2014 நவம்பரில் ட்விட்டரிலேயே வந்து, மாசாய்களை அவர்களுடைய பரம்பரை நிலத்திலிருந்து வெளியேற்றும் திட்டம் எப்போதும் இருந்ததில்லை, இனியும் இருக்காது என்று எழுதினார். உலகமெங்கும் வெற்றி வெற்றி என்று கொண்டாடினார்கள். 2017-ல் குடிசைகள் எரிந்தன. 2022 ஜூனில் 1,500 சதுர கிலோமீட்டரை அளந்து எல்லைக்கல் நட போலீஸ் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, ஏராளமானோர் கென்யாவுக்குள் ஓடினார்கள். அந்த 20 லட்சம் பேரும் அப்போது எங்கே இருந்தார்கள் என்று கேட்பது நியாயமில்லைதான். எல்லோருக்கும் வேலை இருக்கிறது.

மனுவோடு நிற்காமல், பணம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது. அதே தான்சானியாவில் ருவாஹா தேசியப் பூங்காவை விரிக்கிற வேலைக்குப் பின்னால் உலக வங்கியின் 15 கோடி டாலர் திட்டம் இருந்தது. கிராமத்துக்காரர்கள் வங்கியிடமே புகார் கொடுத்தார்கள், வெளியே இருந்தவர்கள் அதைக் கீழே போட விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 2024 ஏப்ரலில் வங்கி பணத்தை நிறுத்தியது, அந்த வருஷக் கடைசியில் திட்டமே ரத்து. உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். இத்தோடு முடித்திருப்பேன்.

ஆனால் அந்த "வெள்ளந்தி" என்ற வார்த்தை என்னை விடமாட்டேன் என்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஈரம் எனக்குத் தெரிகிறது. தூக்கம் கெட்டவர்கள்தான் எதையாவது செய்வார்கள். அதனால்தான் திட்டுகிறேன். பணத்தாசை தெரியாதவர்களா? மாடு விற்கும் ஒரு மாசாயிடம் பேரம் பேசிப் பாருங்கள், அப்புறம் தெரியும். அவர்களில் வக்கீல்கள் இருக்கிறார்கள், எம்.பி.க்கள் இருக்கிறார்கள், சுற்றுலா வருமானத்தில் எங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நவீன உலகின் அழுக்கு படவில்லை என்கிறீர்கள். 2022 ஜூனில் நடந்தது உலகத்துக்குத் தெரிந்ததே அங்கிருந்தவர்கள் கையில் போன் இருந்ததால்தான். அந்த அழுக்கு படாமல் இருந்திருந்தால் உங்கள் தூக்கம் கெட்டிருக்காது.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு யோக்கியதையும் இல்லை என்பதுதான் யோக்கியதை. 2005-ல் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு துண்டறிக்கை அடித்தோம். தென் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்து நாடான பாட்ஸ்வானாவின் அரசு, மத்திய கலகாரி வேட்டை விலங்குக் காப்பகத்திலிருந்து அங்கத்துப் பழங்குடிகளான சான் மக்களை வெளியேற்றியதை எதிர்த்து. வெளிநாட்டில் இருந்த ஒரு நண்பர் மின்னஞ்சலில் இரண்டு படம் அனுப்பியிருந்தார். ஒன்றில் ஓர் இளைஞன், தோல் ஆடை, கையில் வில், பின்னால் சிவந்த வானம். இன்னொன்றில் ஒரு பெரியவர். அவருக்கு இரண்டு அளவு பெரிதான பழுப்பு நிறக் கோட்டு, வலது முழங்கையில் கிழிசல், தலையில் கம்பளிக் குல்லா. காலடியில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கேன், மூடி இல்லாமல் வாயில் துணி அடைத்தது. கேமராவைப் பார்க்காமல் கேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எதைப் போடுவது என்று ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை. "இவரைப் பார்த்தால் பழங்குடி மாதிரியே இல்லையே, யார் கையெழுத்துப் போடுவார்கள்" என்று சொன்னது நான்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். வில்காரன் அச்சுக்குப் போனான். நல்ல வரவேற்பு. ஒருவர் அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவைத்ததாகக்கூடச் சொன்னார்.

அந்த மக்கள் உண்மையில் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று நான் உட்கார்ந்து படித்தது அதற்கு அப்புறம்தான். வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் நடந்தது. 1961-ல் பிரிட்டிஷ் ஆட்சி அந்தக் காப்பகத்தை அறிவித்தபோது விலங்குகளுக்காக மட்டும் அறிவிக்கவில்லை, அங்கே வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்களும் அங்கேயே இருக்கட்டும் என்றுதான். இடம் ஏறக்குறைய 52,000 சதுர கிலோமீட்டர். 1980-களில் சுதந்திர பாட்ஸ்வானா அவர்களை வெளியே கொண்டுவர வேண்டும் என்று முடிவெடுத்தது. காரணம் இரண்டு சொன்னார்கள். ஒன்று, கற்காலத்திலேயே கிடக்கும் இவர்களைக் கரையேற்றி, பள்ளிக்கூடம் மருத்துவமனை எல்லாம் கொடுக்கப் போகிறோம். இரண்டு, இவர்கள் இப்போது ஆடு வளர்க்கிறார்கள், குதிரை ஏறி வேட்டையாடுகிறார்கள், பயிர் வைக்கிறார்கள், பழைய மாதிரி இல்லை, அதனால் காப்பகத்தில் இருக்கத் தகுதி போய்விட்டது. இரண்டையும் ஒரே வாய் சொன்னது. பழையவனாக இருப்பதால் வெளியே போ, பழையவனாக இல்லாததால் வெளியே போ.

இரண்டாவது காரணத்தைப் படித்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. "பழங்குடி மாதிரியே இல்லையே" என்று நான் சொன்னதும் அந்த அதிகாரி கோப்பில் எழுதியதும் ஒரே வாக்கியம்தானே? அவர் அதை வைத்து ஓர் ஊரைக் காலி செய்தார், நான் அதை வைத்து ஒரு படத்தைக் கழித்தேன். நீங்கள் கேட்கும் "அப்படியே வாழவிட்டால்தான் என்ன"வில் வருகிற அந்த "அப்படியே" இருக்கிறதே, அதுவும் அதே நிபந்தனைதான். ஆடு வாங்கினால் உங்கள் அன்பு குறையுமா? மோட்டார் சைக்கிள் வாங்கினால்? மகளைச் சட்டம் படிக்க வைத்தால்? நிலம் ஒருவருக்குப் பாத்தியப்பட்டது என்றால் அதில் அவர் என்ன சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார் என்பது யாருக்கு எதற்கு?

அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் 1916 முதல் சில வருஷம் ஒரு திருவிழா நடத்தினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளே பயணிகளுக்கு முன்னால் இறகுக் கிரீடமும் மான்தோல் உடையுமாக நிற்க வேண்டும். அந்தக் கிரீடம் அவர்களுடையதே இல்லை, எங்கோ அந்த நாட்டின் நடுவிலுள்ள சமவெளியில் இருந்த வேறு இனத்தாருடையது. பயணிகளுக்கு அதுதான் பிடித்தது. பூங்காவுக்குள் அவர்கள் குடியிருந்த வீடுகள் பிற்பாடு ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் 1969-ல் மிச்சமும் எரிக்கப்பட்டுவிட்டது. இங்கோரோங்கோரோவில் மாசாய்கள் பயிர் செய்ய 1975-ல் தடை, நடுவில் கொஞ்ச காலம் விட்டார்கள், மறுபடி தடை. மாடு மேய்க்கிறவன் மேய்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், சோளம் போட்டால் அவன் மாசாய் இல்லை! சரி, விட்டால் இதையே பேசிக்கொண்டிருப்பேன்.

தண்ணீருக்கு வருகிறேன். 2002-ல் கலகாரியில் மொத்தோமெலோ என்ற குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றை அரசு மூடியது, சேமித்துவைத்திருந்த தண்ணீரையும் மணலில் கொட்டியது. அந்த மணலில் வருஷத்தில் பெரும்பகுதிக்குத் தரைமேல் தண்ணீரே கிடையாது, கிழங்கையும் காட்டுத் தர்ப்பூசணியையும் வைத்துக் காலம் தள்ளுவார்கள். அங்கிருந்தவர்களை லாரிகளில் ஏற்றி முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டு வரலாற்றிலேயே நீளமானது, செலவு பிடித்தது என்று சொல்லப்படும் வழக்கு நடந்தது. வக்கீல் செலவுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்தது, அதை மறுக்க முடியாது. வைரத்துக்காகத்தான் வெளியேற்றுகிறார்கள் என்று வெளியே கோஷம் கிளம்பியதும், அரசு மறுத்ததும், இந்தச் சத்தம் பேச்சுவார்த்தையைக் கெடுத்துவிட்டது என்று உள்ளூர் மனித உரிமைக்காரர்களே சிலர் சலித்துக்கொண்டதும் தனிக் கதை. அதற்குள் நான் போகவில்லை.

2006 டிசம்பர் 13-ல் தீர்ப்பு. மூன்று நீதிபதிகளில் இருவர், வெளியேற்றியது சட்டவிரோதம், அவர்கள் திரும்பிப் போகலாம் என்றார்கள். நாங்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். கலைந்துவிட்டோம். தீர்ப்பின் இன்னொரு பகுதியை எங்களில் ஒருவரும் படிக்கவில்லை: தண்ணீர் உள்ளிட்ட வசதிகளைத் திருப்பித் தர வேண்டிய கடமை அரசுக்கு இல்லை. அதாவது வீட்டுக்குப் போகலாம், குடிக்கத் தண்ணீர் கிடையாது. வழக்கில் பெயர் இருந்த 189 பேர் மட்டும்தான் அனுமதிச்சீட்டு இல்லாமல் போகலாம் என்று அரசு வேறு ஒரு கோடு போட்டது. பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது ஆனதும் அப்பா வீட்டுக்குப் போகச் சீட்டு. போனவர்கள் கழுதையில் கேன் கட்டிக் காப்பகத்துக்கு வெளியே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இதே காலத்தில் அந்தக் காப்பகத்துக்குள் ஒரு சுற்றுலா விடுதி திறந்தது, நீச்சல் குளத்தோடு.

கிணறு வேண்டும் என்று மறுபடி வழக்கு. 2010-ல் தோற்றார்கள். 2011 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், சொந்தச் செலவில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்றது. வெளியிலிருந்து வந்த நன்கொடையில் மொத்தோமெலோவில் மறுபடி தண்ணீர் வந்தது. நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நாலு வருஷமும் எங்கள் துண்டறிக்கைக் கும்பலில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. வில்காரனுக்காகத் திரண்டவர்கள்தானே நாங்கள்? கேனைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிட்டார், நாங்கள்தான் அவரைக் கணினியிலேயே விட்டுவிட்டோம். இப்போது தேடினால் அந்தப் படம் இல்லை. துண்டறிக்கை மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. 2021 டிசம்பரில் ஒரு சான் முதியவர் இறந்தார். காப்பகத்துக்குள் மெட்சியாமனோங்கில், முன்னோர் புதைந்த மண்ணில், தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. முடியாது என்றது அரசு. பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். உடல் பிணவறையிலேயே கிடந்தது. மூன்று வருஷம், ம. 2024 நவம்பரில் ஆட்சி மாறி டுமா போகோ அதிபரானார், ஒருகாலத்தில் சான் மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர். அடுத்த மாதமே அந்த முதியவர் அவர் கேட்ட இடத்தில் புதைக்கப்பட்டார். இதற்கு எத்தனை மனு போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வில்லும் இல்லை, சிவந்த வானமும் இல்லை. குளிர்பெட்டியில் ஓர் உடல், அவ்வளவுதானே.

கையெழுத்து போட்டது நல்ல காரியம். போட்டதோடு அந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். லோலியோண்டோவில் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போன மாடுகளைப் பிடித்துவைத்து அபராதம் போடுகிறார்கள், இங்கோரோங்கோரோவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி ம்சோமேராவில் வீடு கட்டிக் கொடுக்கிறார்கள், அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் இது எங்கள் நிலம் என்கிறார்கள். ஆறு மாதம் கழித்து இதில் எது எப்படி இருக்கிறது என்று பாருங்கள், அந்த வங்கிக்கு, அந்த வேட்டை நிறுவனத்துக்கு, உலகப் பாரம்பரியப் பட்டியல் வைத்திருக்கும் யுனெஸ்கோவுக்குப் பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். சலிப்பான வேலை. நண்பர்கள் குழுவில் பகிர ஒன்றும் இருக்காது.

மனுவின் சுட்டியை எனக்கு நீங்கள் அனுப்பவே இல்லை. அனுப்புங்கள், நானும் போடுகிறேன். அதில் என்ன படம் வைத்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.