மேசையில் வைத்தால் கரிக்கட்டையாகத் தெரியும் டாங்கி

கேள்வி: மாடல்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்காக, டி-34/85 என்ற இரண்டாம் உலகப்போர் சோவியத் டாங்கியின் மாடல் ஒன்றை 1/56 அளவில் (நிஜத்தில் 56-ல் ஒரு பங்கு) செய்து பச்சை அடித்தேன். அதன்மேல் கறுப்பு எனாமல் வாஷை (இடுக்குகளில் தங்கி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட்) முழுக்கப் பூசினேன். கையில் எடுத்துப் பார்த்தால் பரவாயில்லை. விளையாடும் மேசையில் வைத்தால் கரிக்கட்டை மாதிரி இருக்கிறது. சேற்றுக்காகத் தூவிய பிக்மென்ட் பவுடரும் (நிறப்பொடி) ஓரிரு ஆட்டத்திலேயே விரலோடு வந்துவிட்டது. எல்லாவற்றையும் கழுவிவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். இருக்கிற பெயின்ட் மேலேயே சரிசெய்துவிடலாம்.

அலமாரியில் வைக்கும் மாடலைக் கிட்டே குனிந்து பார்ப்பார்கள். உங்கள் டாங்கியையோ மூன்றடி தள்ளி நின்று, மேலிருந்து பார்க்கிறார்கள். நிஜ டாங்கிக்கு அடித்த நிறத்தையே இவ்வளவு சிறிய பொருளுக்கு அடித்தால் அது இன்னும் கருமையாகத்தான் தெரியும். சோவியத் டாங்கிகளுக்கு அடித்த 4பிஓ பச்சை அடங்கிய நிறம். அதை அப்படியே அடித்து, மேலே கறுப்பு வாஷும் முழுக்கப் பூசினால் என்ன மிஞ்சும்?

வாஷ் எனாமல் என்பது நல்லதாகப் போயிற்று. எனாமலைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பிரஷால் தகடுகளின் நடுப்பகுதியை மேலிருந்து கீழாக இழுத்துத் துடையுங்கள். மூலைகளிலும் இடுக்குகளிலும் இருப்பது இருக்கட்டும். அடியில் உள்ள பச்சை அக்ரிலிக்காக இருந்தால் இதைத் தாங்கும். இருந்தாலும் முதலில் அடிப்பக்கத்தில் சோதித்துவிடுங்கள். முழுக்க வராவிட்டாலும் கவலை இல்லை.

நன்றாகக் காய்ந்ததும் உங்கள் பச்சையோடு மஞ்சள் கலந்த மணல் நிறம் கொஞ்சம் சேருங்கள். வெள்ளை வேண்டாம், சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துவிடும். இந்தக் கலவையை டர்ரெட்டின் (பீரங்கி பொருத்திய சுழலும் கூண்டு) மேல்தகடு, எஞ்சின் மேல்மூடி, சாய்வான முன்தகட்டின் மேல்பாதி ஆகியவற்றில் மெல்லிசாக அடியுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம் வெளிறிய கலவையால் விளிம்புகளில் டிரை பிரஷ் (பெயின்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷால் லேசாக உரசுவது). கையில் வைத்துப் பார்க்கும்போது ‘கொஞ்சம் ஓவர்’ என்று தோன்ற வேண்டும். அப்போதுதான் மேசையில் சரியாக இருக்கும்.

வாஷ் மறுபடி வேண்டுமென்றால் முதலில் கிளாஸ் (gloss, பளபளப்பான) வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். வழவழப்பான பரப்பில்தான் வாஷ் கோடுகளைப் பிடித்துக்கொண்டு ஓடும். கறுப்புக்குப் பதில் அடர்பழுப்பு வாங்குங்கள். மெல்லிய பிரஷ் நுனியால் ஆணித்தலைகளையும் தகடு சேரும் கோடுகளையும் மட்டும் தொடுங்கள்.

இனி அழுக்கும் தேய்மானமும். எங்கே கை, கால் பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. சோவியத் காலாட்படை வீரர்கள் பல நேரம் டாங்கியின் முதுகில் ஏறிக்கொண்டு போர்முனைக்குப் போவார்கள். அவர்கள் பிடித்துக்கொள்ளத்தான் டர்ரெட்டிலும் பக்கவாட்டிலும் கம்பிகள் பற்றவைத்திருக்கும். ஆகவே கம்பிகளைச் சுற்றி, எஞ்சின் மேல்மூடியின் ஓரத்தில், டர்ரெட் மூடிகளின் விளிம்பில், ஓட்டுநர் நுழையும் முன்தகட்டுக் கதவைச் சுற்றிப் பெயின்ட் உரிந்திருக்கலாம். ஸ்பாஞ்சின் ஒரு துண்டைக் கிள்ளி, கரும்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி எடுத்துவிட்டு, லேசாகத் தட்டுங்கள். வெள்ளி நிறம் வேண்டாம். உடம்பெல்லாம் துருவும் வேண்டாம். பல டி-34கள் துருப்பிடிக்கிற வரைக்கும் போர்முனையில் தாக்குப்பிடிக்கவே இல்லை. பின்தகட்டின் இரண்டு புகைக்குழாய்களுக்கு மட்டும் துரு நிறம், அவற்றைச் சுற்றிக் கொஞ்சம் டீசல் கரி, அது போதும்.

சக்கரங்களின் ரப்பர் விளிம்பைக் கன்னங்கரேல் என்று விடாதீர்கள். ஓடும் வண்டியில் அது தூசி படிந்த சாம்பல் நிறம்தான்.

பவுடர் உதிர்ந்ததற்குக் காரணம், அதைப் பிடித்து வைக்க அடியில் ஒன்றும் இல்லை. விளையாடும் மாடலுக்குப் பவுடரை வெறுமனே தூவக் கூடாது. மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷிலோ மேட் மீடியத்திலோ (நிறமில்லாத பெயின்ட் போன்றது) குழைத்துக் களிம்பாக்கி, சக்கரங்களுக்கு இடையிலும் மட்கார்டுகளின் அடியிலும் பழைய பிரஷால் அப்புங்கள். முதலில் வெளிறிய நிறத்தில், காய்ந்த சேறு. அது காய்ந்ததும் கீழ்ப்பகுதியில் மட்டும் அடர்நிறத்தில், ஈரச்சேறு. இந்த இரண்டு நிறம் இருந்தால்தான் சேறு சேறாகத் தெரியும். டர்ரெட் வரை சேறு தெறித்த டாங்கிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், உண்மைதான். ஆனால் மேசையில் அது அடையாள எண்ணை மறைக்கும், விளையாடும்போது எரிச்சலாக இருக்கும்.

கடைசியில் இரண்டு பூச்சு: முதலில் கிளாஸ் வார்னிஷ், கைபட்டால் தேயாமல் இருக்க. அது காய்ந்ததும் மேட், பளபளப்பு போக. ஸ்பிரேயாக இருந்தால் மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் மேட் வார்னிஷ் வெண்மையாகப் படிந்து, செய்த வேலையெல்லாம் மூடிப்போகும். ஈரமான நாட்களில் பிரஷால் பூசும் வார்னிஷே மேல்.

அப்புறம் டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புத் தகட்டுச் சங்கிலி. டி-34 டிராக்கில் ஒன்றுவிட்டு ஒரு தகட்டில் கொம்பு நிற்கும். அது இரட்டைச் சக்கரங்களின் நடுவே உரசிக்கொண்டே ஓடும். கொம்பின் பக்கங்களிலும் தரையைத் தொடும் மேடுகளிலும் 6பி பென்சிலை (மென்மையான கரும் பென்சில்) தேயுங்கள், தீட்டிய இரும்பு போல மின்னும். வார்னிஷ் முழுக்கக் காய்ந்த பிறகு செய்யுங்கள். மேட் வார்னிஷ் மேலே பட்டால் அந்த மினுக்கு செத்துவிடும்.