கேள்வி – பதில்: ஆன்லைன் வகுப்பும் ஆசிரியர் பயிற்சியும்

கேள்வி: ஆன்லைன் படிப்பு நல்ல பலன் தருகிறது என்று ஓர் ஆய்வு சொல்கிறது, மோசம் என்று இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். எந்த மாணவர்களை, எந்த நிலைமையில் அளந்தார்கள் என்று மட்டும் பாருங்கள்.

அமெரிக்கக் கல்வித் துறை பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் தொகுத்து 2009இல் வெளியிட்ட தொகுப்பாய்வுதான் ‘நல்லது’ என்பவர்கள் அடிக்கடி காட்டும் சான்று. நேரடி வகுப்போடு ஆன்லைனையும் கலந்து கற்றவர்கள் சற்று முன்னே இருந்தார்கள் என்றது அது. ஆனால் அந்த மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன என்பதையும் அந்த அறிக்கையே சொல்கிறது. தவிர, அதில் சேர்க்கப்பட்டவற்றில் பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வுகள் ஐந்துதான். மற்றவை பெரும்பாலும் கல்லூரியிலும் தொழிற்பயிற்சியிலும் இருந்த பெரியவர்களைப் பற்றியவை. பத்து வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மறுபக்கம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ கல்வி ஆய்வு மையம் 2015இல் அமெரிக்காவின் முழுநேர ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளை (அரசுப் பணத்தில் தன்னாட்சியாக நடப்பவை) ஆராய்ந்தது. வழக்கமான பள்ளியில் படிக்கும் ஒத்த மாணவர்களைவிட இவர்கள் ஆண்டுக்கு வாசிப்பில் 72 நாள் படிப்புக்கு ஈடாகவும், கணிதத்தில் 180 நாள் படிப்புக்கு ஈடாகவும் பின்தங்கினார்கள். பள்ளி ஆண்டே 180 நாள்தான். நெதர்லாந்தில் 2020இல் எட்டு வாரம் பள்ளிகள் மூடியிருந்தபோது ஏற்பட்ட இழப்பு, ஓராண்டுக் கற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இணைய வசதி மிக நன்றாக உள்ள நாடு அது! அங்கும் பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு மேலும் கூடியது.

கொரோனா காலத்து வகுப்புகளை வைத்து ஆன்லைன் கல்வியையே எடைபோடுவதும் தவறு. முழு ஆன்லைன் பல்கலைக்கழகப் பாடம் ஒன்றைத் திட்டமிட்டுத் தயாரிக்கவே ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். 2020இல் அது சில நாட்களில் நடந்தது.

கேள்வி: இரண்டு நாள் பயிற்சியில் பத்து செயலிகள் கற்றுத்தந்தார்கள். வகுப்பில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த முடியவில்லை. குறை யாரிடம்?

பயிற்சியிடம். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கற்பித்தார்கள். எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் அழுத்துவது என்பதை விட்டுவிட்டார்கள். பாட அறிவு, கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம் மூன்றும் ஒன்றில் ஒன்று கலந்தால்தான் பயன் உண்டு என்று கல்வி ஆய்வாளர்கள் மிஷ்ராவும் கோலரும் 2006இல் விளக்கிவிட்டார்கள். ஆனாலும் பயிற்சிக் கூடங்களில் இன்றும் செயலிப் பட்டியல்தான் ஓடுகிறது.

அடுத்த பயிற்சியை இப்படி நடத்தச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொருவரும் அடுத்த வாரம் எடுக்கப்போகும் பாடம் ஒன்றையும், ஒரே ஒரு கருவியையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கைந்து சக ஆசிரியர்களுக்கு ஆன்லைனிலேயே எட்டு நிமிடம் நடத்த வேண்டும். அதில் ஒருவர் மைக் வேலை செய்யாத மாணவராகவும், இன்னொருவர் சிறிய செல்பேசித் திரையில் பார்ப்பவராகவும் இருக்கட்டும். ஸ்லைடில் எழுத்து தெரியவில்லை, விடை எங்கே தட்டச்சு செய்வதென்று புரியவில்லை போன்ற குறைகள் அங்கேயே வெளிப்படும். திருத்திக்கொண்டு அதே பகுதியை அன்றே மறுபடி நடத்த வேண்டும். இரண்டு வாரம் கழித்து உண்மையான வகுப்பில் ஒருவர் பதினைந்து நிமிடம் அமர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கைவிடப்படுவது இந்தக் கடைசிப் படிதான். அதை விட்டால் கற்றது வகுப்பறை வரை போய்ச் சேராது.

ஆசிரியர் கல்வி நிறுவனங்களின் நிலையும் இதுதான். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பதிலளித்த நிறுவனங்களில் 1.3 சதவீதம் மட்டுமே ஆன்லைன் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி தந்தன.

கேள்வி: ‘சாமர்’ ஏணியை வைத்து ஆசிரியர்களை மதிப்பிடலாமா?

வேண்டாம். வகுப்பில் தொழில்நுட்பம் பயன்படும் விதத்தை, பழைய கருவிக்கு மாற்றாக வைப்பது முதல் பாடச் செயலையே புதிதாக அமைப்பது வரை நான்கு படிகளாகக் காட்டுவது ‘சாமர்’ (SAMR). பேசித் தெளிய உதவும் படம் அது, அளவுகோல் ஆகாது. மேல்படிக்குப் போனால் கற்றல் கூடும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் மெலிவு. சில பாடங்களுக்குக் கரும்பலகைக்குப் பதில் ஸ்லைடு என்ற கீழ்ப்படியே போதும்.

கேள்வி: கேமராவை அணைத்துவிடுகிறார்கள், கேட்டால் பதிலே இல்லை. புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேமராவுக்காகச் சண்டை போடாதீர்கள். முகம் தெரிந்தாலும் புரிந்ததா என்பது தெரியாது. “புரிந்ததா?” என்ற கேள்வியையும் விட்டுவிடுங்கள், அதற்கு வருவது ஒரே பதில்தான்.

கேள்வியைப் போட்டதும் “எல்லோரும் விடையைத் தட்டச்சு செய்யுங்கள், நான் சொல்லும்வரை அனுப்பாதீர்கள்” என்று சொல்லி, முப்பது வினாடி கழித்து ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லுங்கள். முதல் விடையைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது நின்றுவிடும். நேரடி வகுப்பிலேயே ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது சராசரியாக ஒரு வினாடிதான் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். அதை மூன்று வினாடியாக்கியதும் விடைகள் நீண்டன. ஆன்லைனில் ஒலி தாமதமும் மைக்கைத் திறக்கும் நேரமும் சேர்வதால் பத்து வினாடியாவது விடுங்கள்.

கேள்வியைக் கவனமாக அமைக்க வேண்டும். “0.125, 0.3 இவற்றில் பெரியது எது?” என்று கேட்டால், இலக்கம் அதிகமானால் எண் பெரியது என நினைக்கும் பிள்ளை 0.125 என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். ஆனால் இலக்கம் குறைந்தால் பெரியது என்று நினைக்கும் பிள்ளையும் 0.3 என்றே சொல்லும், சரியாகப் படித்ததுபோலத் தெரியும். அடுத்ததாக “0.4, 0.62” என்று கேளுங்கள், இந்த முறை அதுவும் பிடிபடும். சரியான விடை 30 முதல் 70 சதவீதம் வரை வந்தால் சிறு குழுக்களாகப் பேசவிட்டு மறுபடி கேட்பது எரிக் மசூர் இயற்பியல் வகுப்புக்கு வகுத்த முறை. அது ஆன்லைனுக்கும் பொருந்தும். அதற்குக் கீழே இருந்தால் பேசவிட்டுப் பயனில்லை, மறுபடி நடத்துங்கள்.

கேள்வி: வீடியோ பாடம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

ஆறு நிமிடம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை அலசிய 2014 ஆய்வில், அதைத் தாண்டியதும் பார்வையாளர்கள் உதிர்ந்தார்கள். அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். பார்த்ததால் கற்றார்கள் என்றும் ஆகாது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு கேள்வி வையுங்கள். திரையிலுள்ள வரிகளையே வாசிக்காதீர்கள்: கண்ணும் காதும் ஒரே செய்திக்குப் போட்டியிட்டு, படம் கவனத்தில் படாமல் போகும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பாதிப் பிள்ளைகளிடம் ஸ்மார்ட்போனே இல்லை. மீதிப் பேருக்கு டேட்டா பற்றாக்குறை. என்ன வழி?

முதலில் கணக்கு. வினாடிக்கு 600 கிலோபிட் வீடியோ மணிக்கு 270 எம்பி தின்னும். 64 கிலோபிட் ஒலி 29 எம்பிதான். ஸ்லைடுகளை முன்கூட்டியே படமாக அனுப்பிவிட்டு, ஒலியில் மட்டும் வகுப்பு நடத்தினால் டேட்டா ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். “இப்போது மூன்றாவது படம்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குச் சாதாரண தொலைபேசி அழைப்பே போதும். போட்ஸ்வானாவில் 2020இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் குறுஞ்செய்தியில் சில கணக்குகளை அனுப்பி, கூடவே 15–20 நிமிடம் தொலைபேசியில் பேசினார்கள். கற்றல் 0.12 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) கூடியது. குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் நம்பத்தகுந்த முன்னேற்றம் தெரியவில்லை. ஆக, செலவை மிச்சப்படுத்த அழைப்பை வெட்டிவிட்டுக் குறுஞ்செய்தியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பேசும்போது பெற்றோரையும் ஸ்பீக்கரில் சேர்த்து, பிள்ளை இருக்கும் நிலையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். கழித்தல் வராத பிள்ளையிடம் வகுத்தலை நடத்தினால் அந்த இருபது நிமிடமும் வீண்.