ஒரு பாட்டில் ஃபார்மலின்

அன்புள்ள அக்கா,

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பெத்தாலஜி (திசுவைப் பார்த்து நோயைக் கண்டறியும் துறை) உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஜெனீவாவில் இருக்கும் யூ.ஐ.சி.சி. என்ற உலகப் புற்றுநோய் அமைப்பு, புற்றுநோய்த் துறையினருக்குத் தரும் ஒரு மாத ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, அதாவது ஆன்டிபாடியால் சாயமேற்றித் திசுவில் என்ன ஏற்பி இருக்கிறது என்று பார்க்கும் முறை, கற்க ஆசை. துறைத்தலைவர் "ஊர் சுத்திப் பாக்கவா?" என்கிறார். ஒரு மாதத்தில் என்ன படித்துவிட முடியும்? நீண்ட படிப்பு ஏதாவது கிடைக்கும்வரை காத்திருக்கட்டுமா? குளிர் வேறு பயமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறது. துறைத்தலைவர் சிரித்துவிட்டுப் போகட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மேற்படிப்புக்காக 1925இல் லண்டன் போய் மறு ஆண்டே திரும்பிவிட்டார். அடையாறில் அவருடைய புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது 1954இல். இடைப்பட்ட அத்தனை வருஷத்தையும் படிப்பா தின்றது?

உங்கள் கடிதம் வந்த அன்று சித்தியின் பழைய ஃபைலைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். மார்பகக் கட்டி. எங்கள் ஊர் நர்ஸிங் ஹோமில் வெட்டியெடுத்து, ஊறுகாய் பாட்டில் மாதிரி ஒன்றில் திணித்து, மறுநாள் பஸ்ஸில் நான்தான் எடுத்துப் போனேன். மடியில் வைத்திருந்தேன். கட்டி பாட்டிலை அடைத்துக்கொண்டிருந்தது, திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் மருந்து ஓரமாக ஒரு விரல் அளவு. ரிப்போர்ட்டில் ஒரு வரி: திசு சிதைந்துள்ளது, ஹார்மோன் ஏற்பி பரிசோதனையை நம்ப இயலாது. எதற்கும் இருக்கட்டும் என்று டமாக்ஸிஃபென் மாத்திரை எழுதினார்கள். ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பி கட்டியில் இருந்தால்தானே அது வேலை செய்யும்? ஐந்து வருஷம் விழுங்கினாள். அது அவளுக்கான மாத்திரைதானா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

பிறகு ஒரு லேப் டெக்னீஷியன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். திசுவைப் போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். வெட்டிய ஒரு மணி நேரத்துக்குள் அதில் விழ வேண்டும். பெரிய கட்டியை அப்படியே போடக்கூடாது, குறுக்கே கீறிப் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து நடுவரை போகாமல் உள்ளே அழுகும். மார்பகத் திசு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் ஊற வேண்டும். இதில் எதற்கம்மா மூன்று வருஷப் படிப்பு? நீங்கள் ஆசைப்படும் விலையுயர்ந்த ஆன்டிபாடி எல்லாம் இந்தப் பாட்டிலுக்குப் பிறகுதான். பாட்டில் கெட்டால் உங்கள் படிப்பும் சேர்ந்து கெட்டது.

கோபப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான். அங்கே போய்ப் பேராசிரியரின் மைக்ராஸ்கோப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு வந்து "நல்ல அனுபவம்" என்று சொன்னால் நான் உங்களோடு பேசமாட்டேன். ஒரு வாரமாவது திசு வந்திறங்கும் மேஜையில் நில்லுங்கள். யார் வாங்குகிறார், நேரத்தை எங்கே குறிக்கிறார், சரியில்லாத பாட்டில் வந்தால் யாரிடம் சண்டை போடுகிறார் என்று பாருங்கள். ஊர் திரும்பிக் கற்றதைச் செய்துகாட்ட வேண்டும் என்பது ஃபெல்லோஷிப்பின் நிபந்தனை. ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரிடமும் அட்டெண்டரிடமும் போய் அதைச் செய்யுங்கள். துறைத்தலைவரிடம் அல்ல.

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்று நீங்கள் எழுதவே இல்லை. முதலில் அதைப் பாருங்கள்.

அக்கா