அம்மா படித்த போஸ்டர்

*அன்புள்ள ஐயா,*

*நான் வடிவமைப்பு இறுதியாண்டு மாணவி. வகுப்பில் ஒரு பேய்ப் படத்துக்குப் போஸ்டர் செய்யச் சொன்னார்கள். வெளிர்நீலப் பின்னணியில் ஒரு காலி நாற்காலி மட்டும் வரைந்து கொடுத்தேன். "இது பேய்ப் படம் என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கறுப்பும் சிவப்பும் போட்டு ஒரு கண்ணை வைத்தால்தான் பேய்ப் படமா? பாமர ரசிகர்களுக்காக நாம் ஏன் கீழே இறங்க வேண்டும்? எல்லா போஸ்டரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதற்கு அவர்கள்தானே காரணம்? போலந்து நாட்டு போஸ்டர்கள் எவ்வளவு சுதந்திரமாக இருக்கின்றன! ஜானரின், அதாவது படவகையின், விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டுமா, மீற வேண்டுமா? எந்த எழுத்துரு எந்த வகைப் படத்துக்குப் பொருந்தும்? கையால் வரையும் போஸ்டருக்கு இனி எதிர்காலம் உண்டா?*

*ம.*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் என் போனிலும் மகள் போனிலும் ஒரே படம் இரண்டு வேறு போஸ்டர்களோடு வந்தது. அவளுக்கு ஒரு காதல் ஜோடி. எனக்கு ஒரு துப்பாக்கி. "இது வேற படம்ப்பா" என்றாள். பெயரைக் காட்டிய பிறகுதான் நம்பினாள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். கையால் வரைவதா, கணினியில் வரைவதா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. வரையத் தெரிந்தவருக்கு இரண்டிலும் வரும். எழுத்துரு பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1989-ல் கேரல் ட்வாம்ப்ளி என்ற வடிவமைப்பாளர் அடோபி நிறுவனத்துக்காக ட்ரேஜன் என்ற எழுத்துருவைச் செய்தார். ரோமில் நிற்கும் ட்ரேஜன் தூணின் அடிப்பகுதியில் செதுக்கியிருக்கும் எழுத்துகளைப் பார்த்துச் செய்தது. கல்வெட்டின் கம்பீரம் இருந்ததால் சரித்திரப் படங்களுக்கு நன்றாகப் பொருந்தியது. அப்புறம் காதல் படம், பேய்ப் படம், நீதிமன்றப் படம் என்று எல்லோரும் எடுத்துப் போட்டார்கள். இப்போது அந்த எழுத்தைப் பார்த்தால் "இது ஒரு சினிமா" என்பதற்குமேல் எதுவும் தெரிவதில்லை. எந்த வகைக்கு எந்த எழுத்துரு என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

சரி, என்னைக் கோபப்படுத்திய சொல்லுக்கு வருகிறேன். "பாமர ரசிகர்கள்." இந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தீர்கள்? நான்கு வருடம் படித்ததில் இதைத்தான் முதலில் கற்றுக்கொண்டீர்களா? போஸ்டர்கள் ஒரே மாதிரி இருப்பதற்கு அவர்கள் காரணம் என்று எழுதுகிறீர்கள். ஒரு போஸ்டர் ஒட்டப்படுவதற்கு முன்னால் அதில் எத்தனை பேர் கை வைக்கிறார்கள் என்று விசாரித்திருக்கிறீர்களா? யாருடைய பெயர் முதலில் வர வேண்டும், எந்த அளவில் வர வேண்டும், யாருடைய முகம் எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் நடிகர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதப்படுவது உண்டு. 1974-ல் வந்த 'த டவரிங் இன்ஃபெர்னோ' படத்தில் ஸ்டீவ் மெக்வீனும் பால் நியூமேனும் நடித்தார்கள். இருவரும் சம அந்தஸ்துள்ள நட்சத்திரங்கள். யார் பெயரை முதலில் போடுவது? மெக்வீன் பெயரை இடப்பக்கம் வைத்தார்கள், நியூமேன் பெயரை வலப்பக்கம் சற்று மேலே ஏற்றி வைத்தார்கள். இடமிருந்து படித்தால் இவர் முதல், மேலிருந்து படித்தால் அவர் முதல். இன்று நீங்கள் அலுத்துக்கொள்கிற, தலைகள் வரிசையாக மிதக்கும் போஸ்டர்களில் பாதி இப்படிப்பட்ட பேரங்களில் பிறந்தவை. எந்த ரசிகரும் மனுப்போட்டு அதைக் கேட்கவில்லை.

ரசிகர் செய்வது வேறு. அவர் படிக்கிறார். நடந்துகொண்டே, பேருந்து ஜன்னல் வழியாக, இரண்டு மூன்று வினாடிக்குள் படித்துவிடுகிறார். வெள்ளைப் பின்னணி, முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும் இருவர், சிவப்பு எழுத்து என்றால் சண்டை போட்டுச் சேரும் காதல். முதுகைக் காட்டி நடக்கும் ஒருவன், அவனுக்கு முன்னால் நெருப்பு என்றால் அடிதடி. பாதி இருட்டில் மூழ்கிய முகம் என்றால் அந்த ஆளுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து மக்களே சேர்த்துவைத்த நெடுங்கணக்கு இது. அந்த எழுத்துகளைத்தான் நீங்கள் "விதி" என்கிறீர்கள். உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன என்று எந்தக் கவிஞராவது புகார் சொன்னாரா?

ஜானர் என்ற சொல்தான் நமக்குப் புதிது. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதற்குத்தான் மெய்ப்பாடு என்று பெயர். போஸ்டர் செய்ய வேண்டியதும் அதுதான். படத்தின் உள்ளே இருப்பது அதன் முகத்தில் தெரிய வேண்டும். 1896-ல், சினிமாவின் முன்னோடிகளான பிரான்சின் லூமியர் சகோதரர்களின் படக்காட்சிக்கு மார்செல்லன் ஓசோல் வரைந்த போஸ்டரைத் தேடிப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட படத்தைக் காட்டிய முதல் போஸ்டர் என்று அதைச் சொல்வார்கள். திரையில் தோட்டக்காரர்மேல் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. ஆனால் நம் கண்ணுக்கு முன்னால் இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கும் பார்வையாளர்கள். என்ன படம், யாருக்கான படம் என்ற இரண்டுமே அந்த ஒரு தாளில் முடிந்துவிட்டது.

போலந்தைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஹென்ரிக் தோமஷெவ்ஸ்கி, யான் லெனிட்சா போன்றவர்கள் வரைந்தவை அபாரமானவை. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே படங்களை விநியோகித்தது அரசு. டிக்கெட் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி ஓவியர் தலைமேல் இல்லை. படத்தைப் பார்த்துத் தனக்குத் தோன்றியதை அவர் வரையலாம். அது படத்துக்கு ஓர் ஓவியர் எழுதிய பதில். வழியில் போகிற ஒருவரை நிறுத்தி "இது உனக்கான படம்" என்று சொல்லும் வேலை வேறு. அந்த வேலையையும் சிக்கனமாகச் செய்யலாம். 1979-ல் வந்த 'ஏலியன்' படத்தின் போஸ்டரில் கறுப்பு வெளியில் விரிசல் விட்ட ஒரு முட்டை, விரிசலில் பச்சை வெளிச்சம். விண்வெளியில் நீங்கள் அலறினால் யாருக்கும் கேட்காது என்று ஒரு வரி. விண்வெளி என்ற சொல் அறிவியல் கதை விரும்புகிறவரைக் கூப்பிடுகிறது, அலறல் என்ற சொல் திகில் விரும்புகிறவரைக் கூப்பிடுகிறது, அமைதியாகப் படம் பார்க்க நினைப்பவரை எச்சரித்தும் அனுப்பிவிடுகிறது. 1975-ல் 'ஜாஸ்' படத்துக்கு அந்த ஒரு வரிகூட வேண்டியிருக்கவில்லை. மேலே நீந்தும் பெண், கீழிருந்து வாய் பிளந்து எழும்பும் சுறா. அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். எழுத்தே தெரியாதவருக்கும் நெஞ்சு பதறும்.

எழுத்து தெரியாதவர் என்று நான் சும்மா சொல்லவில்லை. என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் பழகியிருந்தாள். ஆனால் போஸ்டர் படிப்பாள். பள்ளிக்கூடம் விட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் ஒரு நீண்ட சுவர் இருந்தது. புதிதாக எதையாவது ஒட்டியிருந்தால் நின்றுவிடுவாள். "இது அழுகைப் படம். இது சண்டை. இதுல ரெண்டு பேரும் கடைசியில சேர மாட்டாங்க." எப்படித் தெரியும் என்று கேட்டால் விரலால் காட்டுவாள். "அவ பாக்குற திசையைப் பாரு, இவன் பாக்குற திசையைப் பாரு." பேய்ப் படம் என்றால் என் கண்ணைப் பொத்தி நடத்திக்கொண்டு போய்விடுவாள். நான் எழுத்துக்கூட்டிப் படத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் படத்தையே சொல்லியிருப்பாள்.

அப்பா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம் அம்மா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுவாள். ஒருநாள் நின்றாள். பளிச்சென்ற மஞ்சள் போஸ்டர். ஐந்து பேர் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். ஒரு சின்னப் பையன் பெரியவர் ஒருவரின் தோளில் உட்கார்ந்து கையை விரித்திருக்கிறான். எழுத்துகள்கூட நேராக நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தன. "சிரிப்புப் படம். போலாமா?" என்றாள். அந்த ஒரு வருடத்தில் அவள் தானாக எதையாவது கேட்டது அதுதான் முதல்முறை.

படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் அந்தப் பெரியவர் படுக்கையில் விழுந்தார். மீதிப் படம் முழுவதும் ஆஸ்பத்திரி. அதே வராந்தா, அதே இரும்புக் கட்டில், மூச்சு வாங்கும் அதே சத்தம். நான் போகலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் வாசலில் இருந்த அதே மஞ்சள் போஸ்டர் முன்னால் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள்: "நான்தான் சரியா பாக்கல."

ம., அவள் சரியாகத்தான் பார்த்தாள். மஞ்சளைப் படித்தாள், சிரிப்பைப் படித்தாள், குதிக்கும் எழுத்தைப் படித்தாள், தோள்மேல் இருந்த பையனைப் படித்தாள். ஒரு பிழை இல்லாமல் படித்தாள். எழுதியவர்கள் பொய் எழுதியிருந்தார்கள். சோகப் படம் என்று சொன்னால் கூட்டம் வராது என்று யாரோ ஓர் அறைக்குள் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். பழி அம்மாமேல் விழுந்தது, அதையும் அவளே சுமந்துகொண்டாள். அதன்பிறகு அவள் போஸ்டரைப் பார்த்து எனக்குக் கதை சொல்லவில்லை. "என்ன போட்டிருக்கு, நீ படிச்சுச் சொல்லு" என்பாள். அவளுக்குத் தெரிந்திருந்த ஒரே எழுத்தை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

வளர்ந்த பிறகு அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். நல்ல படம். மரணத்தை அவ்வளவு பொறுமையாகக் காட்டிய படங்கள் குறைவு. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் அழ வேண்டியிருந்தவர்கள் தேடி வந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அம்மாவே இன்னும் இரண்டு வருடம் கழித்து அதைப் பார்த்திருக்கலாம். கதையை மறைக்க போஸ்டருக்கு முழு உரிமை உண்டு. யார் கொலைகாரன், யார் சாவார், யார் யாரோடு சேர்வார் என்பதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. எந்த மனநிலையோடு உள்ளே வர வேண்டும் என்பதில் மட்டும் ஏமாற்றக் கூடாது. நீங்கள் விதியை மீறுவது பற்றிக் கேட்டீர்கள். நான் பயப்படுகிற மீறல் இது ஒன்றுதான்.

இப்போது மகளின் போனுக்கு வருகிறேன். 2017 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர்கள் தாங்கள் ஆளுக்கொரு போஸ்டர் காட்டும் முறையை விளக்கி எழுதினார்கள். அதில் 'குட் வில் ஹண்டிங்' படம் ஓர் உதாரணம். காதல் படங்கள் அதிகம் பார்ப்பவருக்கு நாயகனும் நாயகியும் நெருங்கியிருக்கும் படத்தைக் காட்டலாம். நகைச்சுவை அதிகம் பார்ப்பவருக்கு, அதில் நடித்த நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் முகத்தைக் காட்டலாம். படித்ததும் எனக்கு அந்த மஞ்சள் போஸ்டர் ஞாபகம் வந்தது. 'குட் வில் ஹண்டிங்' படத்தில் வில்லியம்ஸ் மனைவியைப் பறிகொடுத்தவராக வருகிறார். சிரிக்க ஆசைப்பட்டு அந்த முகத்தைத் தொடுகிற ஒருவர் எந்த வீட்டில், எந்த மாதிரியான வருடத்தில் இருக்கிறார் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. சுவரில் இருந்த பொய்யையாவது எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு வந்த ஒருவர் "அது சிரிப்புப் படம் இல்லம்மா" என்று எச்சரித்திருக்க முடியும். என் மகள் பார்க்கும் போஸ்டரை அவள் மட்டும்தான் பார்க்கிறாள்.

உங்கள் கேள்வியிலிருந்து விலகி வந்துவிட்டேன். நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிர்நீலத்தை மாற்றாதீர்கள், அது நன்றாகவே இருக்கும் என்று தோன்றுகிறது. கறுப்பும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். ஆனால் உங்கள் ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் என்னிடம் வந்து அவரைக் குறை சொல்கிறீர்கள். நீலத்தில் காலி நாற்காலி என்றால் யாரோ பிரிந்து போன கதை என்றுதான் படிப்பார்கள். அப்படிப் படிப்பவர் தவறாகப் படிக்கவில்லை. நாற்காலி காலியாகவே இருக்கட்டும். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம் வரட்டும். தரையில் விழும் நாற்காலியின் நிழலில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள். அம்மா இருந்திருந்தால் அதைப் பார்த்த மறுநொடி என் கண்ணைப் பொத்தியிருப்பாள்.

அன்புடன்.