கேள்வி–பதில்: இங்கிலாந்து நாடாளுமன்றமும் அதன் படையும்

கேள்வி: முதலாம் சார்லஸ் மன்னருக்கு எதிராக நாடாளுமன்றத்தின் பக்கம் நின்று போரிட்ட படையே, போர் முடிந்த ஓராண்டுக்குள் அந்த நாடாளுமன்றத்தை எதிர்த்து நின்றது ஏன்? ஆலிவர் குரோம்வெல்லின் பதவி ஆசைதான் காரணம் என்று கல்லூரியில் படித்த நினைவு. அது சரியா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: நாடாளுமன்ற உறுப்பினரும் அதன் படையின் தளபதிகளுள் ஒருவருமான குரோம்வெல்லின் ஆசையிலிருந்து தொடங்கினால் இந்த வரலாறு புரியாது. சம்பள பாக்கியிலிருந்து தொடங்க வேண்டும்.

1645-இல் நாடாளுமன்றம் ஏறத்தாழ 22,000 பேர் கொண்ட புதிய படை ஒன்றை அமைத்து, சர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸை அதன் தலைமைத் தளபதியாக நியமித்தது. வரலாற்று நூல்கள் 'புதிய மாதிரிப் படை' என்று குறிப்பிடுவது இதைத்தான். அவ்வாண்டு ஜூன் 14 அன்று நேஸ்பியில் மன்னரின் முதன்மைப் படையை அது முறியடித்தது. அடுத்த ஆண்டு மன்னர் ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்தார். 1647 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தினர் அவரை ஆங்கில நாடாளுமன்றத்திடம் ஒப்படைத்தார்கள். போர் முடிந்துவிட்டது. ஆனால் வென்ற படைக்குக் கொடுக்க வேண்டிய கூலி கொடுக்கப்படவில்லை. காலாட்படை வீரனுக்கு நாளொன்றுக்கு 8 பென்ஸ்தான் சம்பளம், அதாவது வயலில் வேலை செய்பவர் பெற்ற கூலியை ஒட்டிய தொகை. அந்தச் சிறு தொகையிலும் 1647 வசந்த காலத்தில் 18 வாரப் பாக்கி நின்றது. குதிரைக்குத் தீனி முதலிய செலவுகளையும் தம் சம்பளத்திலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்த குதிரைப்படையினருக்கோ 43 வாரப் பாக்கி.

பாக்கியைத் தீர்க்காமலே படையின் பெரும்பகுதியைக் கலைத்துவிடவும், மீதியை அயர்லாந்துப் போருக்கு அனுப்பவும் நாடாளுமன்றப் பெரும்பான்மை முடிவு செய்தது. அந்தப் பெரும்பான்மைக்குத் தலைமை வகித்த டென்சில் ஹோலிஸ் கோழையும் அல்லர், மன்னரின் ஆளும் அல்லர். 1642 ஜனவரியில் மன்னர் ஆயுதமேந்திய ஆட்களுடன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபைக்குள் நேரடியாக நுழைந்து கைது செய்ய முயன்ற ஐவரில் அவரும் ஒருவர். போரின் செலவால் நாடு நொந்துபோயிருந்தது, பீருக்கும் உப்புக்கும் இறைச்சிக்கும் வரி கட்டி மக்கள் சலித்திருந்தார்கள் என்பதை அவர் கண்டார். கூடவே சமய அச்சமும் இருந்தது. நாடு முழுவதற்கும் ஒரே பிரெஸ்பிடீரியன் திருச்சபை, அதாவது பிஷப்புகளுக்குப் பதிலாக மூப்பர் குழுக்கள் நடத்தும் திருச்சபை, வேண்டும் என்று அவர் தரப்பு எண்ணியது. படையிலோ, தத்தம் மனசாட்சிப்படி தனித்தனிச் சபைகளாகக் கூடி வழிபட விரும்பியவர்கள் நிறைந்திருந்தார்கள். குருப்பட்டம் பெறாத சிப்பாய் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வது ஹோலிஸ் தரப்பினருக்குத் தாங்க முடியாத காட்சியாக இருந்தது.

1647 மார்ச்சில் சிப்பாய்கள் தம் தளபதி ஃபேர்ஃபாக்ஸுக்கு ஒரு மனு தயாரித்தார்கள். அதில் புரட்சி எதுவும் இல்லை. பாக்கியைத் தாருங்கள்; போர்க்காலத்தில் உத்தரவின்படி செய்தவற்றுக்காக எங்கள்மீது வழக்கு வராதபடி சட்டப் பாதுகாப்பு தாருங்கள்; விரும்பிச் சேர்ந்தவர்களைக் கட்டாயப்படுத்திக் கடல் கடந்து அனுப்பாதீர்கள்; இறந்தவர்களின் மனைவி மக்களுக்கு உதவுங்கள் என்றுதான் கேட்டார்கள். இரண்டாவது கோரிக்கை வெறும் அச்சத்தில் எழுந்ததன்று. போரின்போது படைக்காகக் குதிரையைக் கைப்பற்றிய சிப்பாய்கள், போர் முடிந்தபின் குதிரைத் திருடர்களாக உள்ளூர் நீதிமன்றங்களில் நிறுத்தப்பட்டார்கள்; அந்தக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை கிடைக்கவும் கூடும்.

இந்த மனுவுக்கு மறுமொழியாக மார்ச் 30 அன்று நாடாளுமன்றம், இம்மனுவைத் தொடர்ந்து முன்னெடுப்பவர்கள் அரசின் எதிரிகள், பொது அமைதியைக் குலைப்பவர்கள் என்று அறிக்கை வெளியிட்டது. என் பார்வையில் இதற்குப் பின்வந்த பன்னிரண்டு ஆண்டுச் சிக்கலின் முதல் முடிச்சு இந்த அறிக்கைதான். மன்னருக்கு மனுக் கொடுக்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று வாதாடிய ஒரு மன்றம், தனக்காகக் குருதி சிந்தியவர்கள் தம் சொந்தத் தளபதிக்கு எழுதிய மனுவைத் தேசத் துரோகத்துக்கு நிகராக்கியது. பணத்துக்காகத் தொடங்கிய மனக்குறை அன்றே மானப் பிரச்சினையாக மாறிவிட்டது. ஜூன் தொடக்கத்தில் நாடாளுமன்றம் பின்வாங்கி, அந்த அறிக்கையைத் தன் குறிப்பேட்டிலிருந்து நீக்கவும் சிப்பாய்களின் பாக்கியைக் கூடுதலாகத் தரவும் வாக்களித்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது. ஜூன் 1 அன்று செல்ம்ஸ்ஃபோர்டில் கலைக்கப்படவிருந்த ஃபேர்ஃபாக்ஸின் சொந்தக் காலாட்படைப் பிரிவு, கலைய மறுத்து நியூமார்க்கெட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது.

அப்போது குரோம்வெல் எங்கே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மே மாதம் முழுவதும் அவர் படைக்கும் காமன்ஸ் சபைக்கும் இடையே சமரசம் பேசிக்கொண்டிருந்தார். உத்தரவிட்டால் படை கலைந்துவிடும் என்று சபையில் உறுதியும் அளித்தார். சிப்பாய்கள் முதலில் எழுந்தார்கள், அவர் பின்னால் போய்ச் சேர்ந்தார். பதவி அவரைத் தேடி வந்தபோது அவர் விலக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் 1647-இன் தீயை மூட்டியவர் அவர் என்பதை நான் ஏற்கவில்லை.

கேள்வி: சிப்பாய்களே தேர்தல் நடத்தித் தமக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உண்மையா? ஒழுங்கு குலையாமல் எந்தப் படையில் இது நடக்கும்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உண்மைதான். 1647 ஏப்ரலில் குதிரைப்படைப் பிரிவுகள் தம்முள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கின. எட்வர்ட் செக்ஸ்பி, வில்லியம் ஆலன், தாமஸ் ஷெப்பர்ட் ஆகிய மூவரும் தம் தோழர்களின் கடிதத்துடன் லண்டனுக்கு வந்தபோது, காமன்ஸ் சபை அவர்களை அழைத்துக் குறுக்கு விசாரணை செய்தது. விரைவில் காலாட்படையும் அதே வழியில் இறங்கியது. ஜூன் 5 அன்று நியூமார்க்கெட் அருகே கூடிய படை, தன் குறைகள் தீரும்வரை கலையமாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொண்டது. உயர் தளபதிகளுடன், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டு அதிகாரிகளும் இரண்டு சிப்பாய்களும் அமரும் பொதுக்குழு ஒன்றும் அப்போது உருவாயிற்று.

ஒழுங்கு குலையவில்லையா என்று கேட்கிறீர்கள். வியப்பு என்னவென்றால், ஒழுங்கைக் காப்பதற்காகவே தளபதிகள் இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். பிரதிநிதிகளை மறுத்திருந்தால் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாகக் கலகம் செய்து, தான் தங்கியிருந்த ஊரைக் கொள்ளையிடவும் தொடங்கியிருக்கும். ஏற்கெனவே சம்பளமில்லாத வீரர்கள் ஊராரின் வீடுகளில் தங்கி அவர்கள் சோற்றை உண்டு வாழ்ந்ததால் கிராமங்கள் கொதித்துக்கொண்டிருந்தன.

அந்த நாட்களில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜார்ஜ் ஜோய்ஸ் என்ற கீழ்நிலைக் குதிரைப்படை அதிகாரி, ஏறத்தாழ 500 குதிரைவீரர்களுடன் ஹோல்டன்பி மாளிகைக்குச் சென்று, நாடாளுமன்றத்தின் காவலில் இருந்த மன்னரையே படையின் பொறுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். புறப்படுமுன் மன்னர், உமக்கு இதைச் செய்ய யார் கொடுத்த அதிகாரப் பத்திரம் என்று கேட்டார். ஜோய்ஸ் தமக்குப் பின்னால் அணிவகுத்து நின்ற வீரர்களைக் காட்டினார். தாம் கண்ட பத்திரங்களிலேயே தெளிவாக எழுதப்பட்டது இதுதான் என்று மன்னர் விடையளித்தார். சில நாட்களுக்கு முன்பு ஜோய்ஸ் லண்டனில் குரோம்வெல்லைச் சந்தித்திருந்தார். அங்கே எந்த அளவுக்கு அனுமதி கிடைத்தது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

ஜூன் 14 அறிக்கையில் படை, தான் ஏதோ ஓர் அதிகாரத்துக்குக் கூலிக்கு வேலை செய்யும் வெறும் கூலிப்படை அன்று என்றும், மக்களின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் காக்க நாடாளுமன்றத்தின் அறைகூவல்களாலேயே அழைக்கப்பட்டது என்றும் எழுதியது. படிக்கும்போது மெய்சிலிர்க்கும் வாசகம் அது, ஆபத்தானதும்கூட. சம்பளம் கேட்ட வரையில் படைக்குத் தன் உரிமையின் எல்லை தெரிந்திருந்தது. மக்களின் சார்பில் பேசத் தொடங்கியபின் அந்த எல்லையை வகுப்பதற்கு யாரும் இல்லை.

கேள்வி: புட்னி விவாதங்களில் ஏழைக்கும் வாக்குரிமை வேண்டும் என்று சிப்பாய்கள் கேட்டதாகச் சொல்கிறார்களே, அது நிறைவேறியதா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: நிறைவேறவில்லை. ஆனால் கேட்டார்கள். 1647 அக்டோபர் 28 அன்று லண்டனை அடுத்த புட்னி கிராமத்து மாதா கோவிலில் படையின் பொதுக்குழு கூடி, 'மக்களின் உடன்படிக்கை' என்ற அரசியல் திட்டத்தை விவாதித்தது. இங்கிலாந்தின் மிகப் பெரியவருக்கு வாழ ஒரு வாழ்வு இருப்பதுபோல மிக ஏழைக்கும் ஒரு வாழ்வு உண்டு, ஆகவே தன் இசைவின்றி அமைந்த அரசுக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்லன் என்று கர்னல் ரெயின்ஸ்பரோ வாதிட்டார். குரோம்வெல்லின் மருமகன் ஹென்றி அயர்ட்டன், நாட்டில் நிலமோ நிலையான தொழிலுரிமையோ உடையவர்களுக்கே வாக்கு என்று எதிர்த்தார். நாங்கள் உயிரைப் பணயம் வைத்தது எங்கள் பிறப்புரிமையை மீட்கத்தான் என்று செக்ஸ்பி சொன்னபோது, அந்த விவாதத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது நெஞ்சில் தைத்திருக்கும்.

நவம்பர் 11 அன்று மன்னர் ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்து தப்பியதும் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. நான்கு நாட்களுக்குப் பின் வேர் நகருக்கு அருகில் சில வீரர்கள் அந்த உடன்படிக்கையின் பிரதியைத் தொப்பியில் செருகிக்கொண்டு அணிவகுப்புக்கு வந்தார்கள். ரிச்சர்ட் ஆர்னால்ட் என்ற சிப்பாய் கலகக் குற்றத்துக்காக அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேள்வி: 1648 டிசம்பரில் கர்னல் பிரைட் உறுப்பினர்களை வாசலிலேயே மறித்தது ஜனநாயகப் படுகொலை என்பது என் கருத்து. ஆனால் நம்பத்தகாத மன்னரோடு பேரம் பேசிய பெரும்பான்மையை வேறெப்படித் தடுத்திருக்க முடியும் என்றும் தோன்றுகிறது. உங்கள் தீர்ப்பு என்ன?
— வாசகர், சேலம்

பதில்: உங்கள் தடுமாற்றம் நியாயமானது. 1647 டிசம்பரில் மன்னர் ஸ்காட்லாந்தினரோடு இரகசிய ஒப்பந்தம் செய்து அடுத்த ஆண்டு இரண்டாம் போரைக் கிளப்பியதால், ஒருமுறை வென்ற படை மீண்டும் செத்து மீண்டும் வெல்ல வேண்டியிருந்தது. பிரெஸ்டனில் ஆகஸ்டு மாதம் குரோம்வெல் வென்றபின், இந்தக் குருதிக்கு மன்னர் பதில் சொல்லியாக வேண்டும் என்பதே படையின் மனநிலை. அதே வேளையில் நாடாளுமன்றத்தின் தூதர்கள் வைட் தீவின் நியூபோர்ட்டில் அதே மன்னரோடு உடன்பாடு பேசிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 5 அன்று, மன்னரின் பதில்கள் உடன்பாட்டுக்கு அடிப்படையாகும் என்று 129-க்கு 83 வாக்குகளில் காமன்ஸ் சபை தீர்மானித்தது.

மறுநாள் காலை பிரைட், கையில் பட்டியலுடன் சபையின் படிக்கட்டில் நின்றார். சபை உறுப்பினரான குரோபி பிரபு அருகில் நின்று வருகிறவர்களை அடையாளம் காட்டினார். 40-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களுள் பலர் அன்றிரவு வெஸ்ட்மின்ஸ்டரில் 'நரகம்' என்ற பெயர் கொண்ட உணவுவிடுதியில் அடைக்கப்பட்டார்கள். மேலும் 180-க்கும் அதிகமானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எஞ்சிய சிறு சபைதான் விசாரணை மன்றத்தை அமைத்தது. 1649 ஜனவரி 30 அன்று மன்னர் தலை வெட்டப்பட்டார்.

என் தீர்ப்பைக் கேட்கிறீர்கள். மன்னரை நம்ப முடியாது என்பதில் படை சரியாகவே கணித்தது. ஆனால் அதற்கு முந்திய நவம்பரில் படை வெளியிட்ட நீண்ட அறிக்கையிலேயே வேறு வழி ஒன்று எழுதப்பட்டிருந்தது: இந்த நாடாளுமன்றத்துக்கு முடிவுநாள் குறித்துப் புதிய தேர்தல் நடத்துவது. 1640-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு, தன் இசைவின்றிக் கலைக்க முடியாதென்று 1641-இல் சட்டமும் செய்துகொண்ட சபை அது. அதைக் கலைக்கவே அயர்ட்டன் விரும்பினார். சபைக்குள் இருந்த படையின் நண்பர்கள்தாம் கலைக்க வேண்டாம், களையெடுத்தால் போதும் என்று அவரை இணங்கவைத்தார்கள். தேர்தல் வைத்தால் வரியாலும் படையாலும் சலித்த மக்கள் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மக்களின் பெயரால் பேசியவர்கள் மக்களைக் கேட்கத் துணியவில்லை. நான் குறை காண்பது இங்கேதான். மன்னரின் கழுத்தில் விழுந்த கோடரியைவிடப் படிக்கட்டில் நின்ற அந்தப் பட்டியல்தான் அவர்களது குடியரசை முதலில் கொன்றது என்று கருதுகிறேன்.

கேள்வி: கடைசியில் வென்றது யார், படையா, நாடாளுமன்றமா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: படை பலமுறை வென்றது, ஒருமுறையும் நிலைநாட்ட முடியவில்லை. எஞ்சிய சபையையும் 1653 ஏப்ரல் 20 அன்று குரோம்வெல் துப்பாக்கி வீரர்களைக் கொண்டு வெளியேற்றினார். அன்று இருக்கையிலிருந்து எழுப்பப்பட்ட சபாநாயகர் வில்லியம் லென்தால், 1642-இல் மன்னருக்குமுன் மண்டியிட்டு, இந்தச் சபை காட்டுவதன்றி எனக்குக் கண்ணும் இல்லை, பணிப்பதன்றி நாவும் இல்லை என்று சொன்ன அதே மனிதர். குரோம்வெல் இறந்தபின் அதே சபை மீண்டும் கூட்டப்பட, 1659 அக்டோபரில் தளபதி லாம்பர்ட்டின் வீரர்கள் லென்தாலின் வண்டியைத் தெருவிலேயே நிறுத்தித் திருப்பினார்கள்.

முடிவு ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அங்கே படைத்தலைவராயிருந்த ஜார்ஜ் மங்க், தம் வீரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டவர். 1660 ஜனவரியில் தெற்கே வந்து, பிரைட் விலக்கிய உறுப்பினர்களைப் பிப்ரவரியில் மீண்டும் அமர்த்தினார். புதிய தேர்தல் நடந்தது, மே மாதத்தில் இரண்டாம் சார்லஸ் திரும்பினார். பிறகு நாடாளுமன்றம் தனி வரி விதித்துப் பாக்கியைத் தீர்த்துப் படையை அமைதியாகக் கலைத்தது.

இன்னொரு மன்னர் துரத்தப்பட்டபின் 1689-இல் வந்த உரிமைச் சட்டம், நாடாளுமன்றத்தின் இசைவின்றி அமைதிக் காலத்தில் நிலையான படை வைத்திருப்பது சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதே ஆண்டின் கலகச் சட்டம் படை ஒழுங்குக்கான அதிகாரத்தைச் சில மாதங்களுக்கு மட்டுமே வழங்கியது. பின்னர் பெரும்பாலும் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் வழக்கம் ஏற்பட்டது. இன்றும் பிரிட்டனில் ஆயுதப்படைச் சட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் புதிதாக இயற்ற வேண்டும்.