ஏடபிள்யூஎஸ் என்ற அமேசான் கிளவுடில் உள்ள விபிஎன் கேட்வே (அலுவலக வலையமைப்பைக் கிளவுடோடு பாதுகாப்பாக இணைக்கும் வாசல்) விவரங்களைக் கட்டளை வரியில் தேடினால் வெற்றுப் பட்டியல்தான் வருகிறது. கேட்வே அழிந்துவிட்டதா?

அழிந்திருக்காது. உங்கள் மடிக்கணினியில் ரீஜன், அதாவது அமேசானின் எந்த ஊர் மையத்தில் தேட வேண்டும் என்ற அமைப்பு, தவறாக இருக்கும். இதே வெற்றுப் பட்டியலைப் பார்த்துவிட்டு நடுராத்திரியில் மேலாளரை எழுப்பி, "சார், கேட்வேயை யாரோ அழித்துவிட்டார்கள்" என்று பதறியவன் நான்.

நீங்கள் அடித்தது 'ஏடபிள்யூஎஸ் ஈசி2 டிஸ்கிரைப்-விபிஎன்-கேட்வேஸ்' என்றே வைத்துக்கொள்கிறேன். எங்கள் கேட்வே இருந்தது மும்பையில், அதாவது ஏபி-சவுத்-1. என் கணினியிலோ பழைய வேலைக்காக வைத்த சிங்கப்பூர் அப்படியே கிடந்தது. தேடிய ரீஜனில் கேட்வே இல்லையென்றால் இந்தக் கட்டளை பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. இரண்டு சதுர அடைப்புக்குறிகளைக் காட்டிவிட்டு நல்ல பிள்ளையாக முடிந்துவிடும்.

மேலாளர் தூக்கக் குரலில் கேட்டது ஒன்றுதான்: "எந்த ரீஜன், தம்பி?"

கடைசியில் '--ரீஜன் ஏபி-சவுத்-1' சேர்த்ததும் கேட்வே வந்து நின்றது. நிலை 'அவைலபிள்', இணைந்திருக்கும் விபிசி (கிளவுடில் நமக்கான தனி வலையமைப்பு), 64512 என்ற ஏஎஸ்என் (வலையமைப்பின் அடையாள எண்), எல்லாம் சரி. ஆனால் அலுவலகத்துக்கு இணைப்பு மட்டும் இல்லை. அலுவலகத்துக்கும் கேட்வேக்கும் நடுவே உள்ள மறையாக்கப் பாதையான டனல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 'டிஸ்கிரைப்-விபிஎன்-கனெக்‌ஷன்ஸ்' வேண்டும். அதில் 'விஜிடபிள்யூ டெலிமெட்ரி' என்ற பகுதியில் இரண்டு டனல்களின் நிலையும் தனித்தனியாக இருக்கும். எங்களுக்கு இரண்டுமே டவுன். மாறிய நேரம் 18.10 என்றிருந்தது. மாலை ஆறு பத்துக்கே போய்விட்டது என்று அறிவித்தேன். அது யூடிசி என்ற உலகப் பொது நேரம், நம் கணக்கில் இரவு 11.40. இணையச் சேவையாளர் அலுவலகத்தின் ஐபி முகவரியை மாற்றியிருந்தார். புது முகவரிக்கு ஒரு கஸ்டமர் கேட்வே (அலுவலகப் பக்கச் சாதனத்தைக் குறிக்கும் பதிவு) உருவாக்கி, இணைப்பை அதற்கு மாற்றியதும் சரியானது.

அந்த இரண்டாவது கட்டளையின் வெளியீட்டை அப்படியே குழு மின்னஞ்சலில் ஒட்டினேன் பாருங்கள், அதுதான் பெரிய கூத்து. உள்ளே எக்ஸ்எம்எல் வடிவில் ப்ரீ-ஷேர்டு கீ (டனலின் இரு முனைகளும் பகிரும் ரகசியச் சாவி) வரைக்கும் இருக்கிறது! மறுநாள் இரண்டு டனல்களின் கீயையும் மாற்றினோம். நீங்கள் வெளியீட்டில் வேண்டியதை மட்டும் காட்டும் '--க்வெரி' போட்டு டெலிமெட்ரியை மட்டும் எடுங்கள்.

"கன்சோலில், அதாவது ஏடபிள்யூஎஸ் இணையப் பக்கத்தில், ஒரு சொடுக்கில் தெரியுமே" என்று சிலர் வருவார்கள். எனக்கு அப்போது கன்சோல் அனுமதியே கிடையாது. பல விபிசிகளை ஒன்றாக இணைக்கும் ட்ரான்சிட் கேட்வே வைத்திருந்தால் முதல் கட்டளையில் அது வராது என்பதும் தெரியும். நான் சொல்வது ஒரே விபிசியோடு இணையும் விர்ச்சுவல் பிரைவேட் கேட்வேக்கு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த இரவுக்கான படியைக் கேட்டபோது, அழைப்பு 12 மணிக்கு முன்பே வந்துவிட்டதால் அது இரவுப்பணி ஆகாது என்று படிவத்தைத் திருப்பி அனுப்பினார்கள். நான் படுத்தது மூன்றரை மணிக்கு.