கார்புரேட்டர் வாங்கும் முன் ஸ்பிண்டிலை அசைத்துப் பாருங்கள்

கேள்வி: 1968 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர். ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) நிலையாக இருக்கவே மாட்டேன் என்கிறது. இரண்டையும் கழற்றிவிட்டு வெபர் 45 டிசிஓஈ கார்புரேட்டர் ஒன்றைப் போடட்டுமா? (லெஸ்டர்)

பதில்: வேண்டாம். கேம்ஷாஃப்ட்டும் ஹெட்டும் கம்பெனியில் வந்தபடியே இருந்தால் அந்த 1798 சிசி எஞ்சினுக்கு நல்ல எச்எஸ்4 ஜோடியே போதும். வெபர் வாங்கினால் அதோடு, அதை எஞ்சினுடன் இணைக்கும் குழாயான மேனிஃபோல்டும் வேண்டும். சோக், மெயின் ஜெட், ஏர் கரெக்டர் எல்லாம் உங்கள் எஞ்சினுக்கு ஏற்றபடி ரோலிங் ரோட்டில் (காரை உருளைகள் மேல் ஓட்டிச் சோதிக்கும் மேடை) பொருத்த வேண்டும். முதலில் வால்வு இடைவெளி, இக்னிஷன் பாயின்ட், டைமிங் பாருங்கள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு த்ராட்டில் ஸ்பிண்டிலின் (காற்று வழியைத் திறந்து மூடும் தட்டைத் தாங்கும் தண்டு) நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது. ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் வராது. புது புஷ்ஷும் (ஸ்பிண்டில் சுழலும் வளையம்) ஸ்பிண்டிலும் போட்டால் தீரும்.

கேள்வி: பர்மிங்ஹாம் கடை ஒன்றிலிருந்து இணையம் வழி, 'முழுக்க ரீபில்ட்' என்று எழுதியிருந்த எஸ்யூ ஜோடி வாங்கினேன். கண்ணாடிபோல மின்னுகிறது, ஸ்பிண்டில் லொடலொட. 'பழசு அப்படித்தான்' என்கிறார்கள். வாங்கி இரண்டு வாரம். (கோவென்ட்ரி)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அந்தப் பதிலை ஏற்காதீர்கள். ரீபில்ட் என்றால் பாடியைத் துளையிட்டுப் புது புஷ், புது ஸ்பிண்டில், விளிம்பு சுற்றிலும் ஒட்டி மூடும் த்ராட்டில் டிஸ்க், புது ஜெட் (பெட்ரோல் வரும் துளை), அதற்குள் நகரும் நீடில், மிதவை வால்வு, கேஸ்கட். கேஸ்கட்டை மாற்றிப் பாலிஷ் போட்டுவிட்டு அந்தப் பெயரில் விற்பது இந்தத் தொழிலுக்கே கேடு. 'ரீபில்ட் கிட்' என்று நான் வாங்கிய ஒன்றில்கூட ஜெட் இருந்தது, ஸ்பிண்டில் இல்லை. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கடைக்காரரிடம் வாங்கிய குறைபாடுள்ள பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆட்டத்தை வீடியோ எடுத்து இன்றே எழுத்தில் அனுப்புங்கள். கழற்றிப் பிரிக்காதீர்கள். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம்.

கேள்வி: எச்எஸ்4இல் புது ஏர் ஃபில்டர் போட்ட பிறகு வேகமெடுக்கும்போது இழுவை இல்லை.

பதில்: கேஸ்கட் தலைகீழாக இருக்கும். கார்புரேட்டர் வாயின் விளிம்பில் இருக்கும் சிறு துளைகள்தான் கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் நகரும் பிஸ்டனுக்கு அடியில் காற்று கொடுக்கின்றன. அவை அடைபட்டால் பிஸ்டன் சரியாக எழும்பாது. கேஸ்கட், ஃபில்டர் தட்டு இரண்டிலும் துளைகள் நேராக வருகின்றனவா பாருங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் 1976 எம்ஜிபி, ஒற்றை ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர். எச்எஸ்4 ஜோடி மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். எந்தக் காருடையது என்று கேட்கவில்லை.

பதில்: கேட்டிருக்க வேண்டும். காருக்குக் கார் மிதவை அறையின் சாய்வும் நீடிலும் மாறும். இரட்டை மேனிஃபோல்டும், இரண்டையும் இணைக்கும் லிங்கேஜும் இல்லாமல் அந்த ஜோடி உதவாது. அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே புகைச் சோதனையிலிருந்து விலக்கு 1975 வரையிலான கார்களுக்குத்தான். மாற்றினால் உங்கள் கார், பாகங்களைக் கண்ணால் பார்த்துச் செய்யும் சோதனையிலேயே தோற்றுவிடும். ஸ்ட்ராம்பர்க்கின் ரப்பர் டயாஃப்ரமைக் கழற்றிப் பாருங்கள். கிழிந்திருந்தால் பிஸ்டன் எழும்பாது. அதை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: எஸ்யூ கார்புரேட்டரின் டேஷ்பாட்-இல் (பிஸ்டன் எழும்பும் வேகத்தைத் தணிக்கும் எண்ணெய் நிற்கும் இடம்) ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் எண்ணெயான ஏடிஎஃப் ஊற்றலாமா?

பதில்: எஸ்ஏஈ 20 எண்ணெய் ஊற்றுங்கள். ஏடிஎஃப் மெல்லியது, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பிஸ்டன் சட்டென்று எழும்பி, கலவை லீனாகி (பெட்ரோல் குறைந்து காற்று கூடி) எஞ்சின் தடுமாறும்.